வீசாத கை

ஜூலை 3
கல்லூரி விடுதி

அன்பு அப்பாவுக்கு,

உங்கள் வாலு எழுதுகிறேன். முழங்கால் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் இங்கே சௌக்கியம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் "சாப்ட்டியா, தூங்குனியா" என்று இரண்டே நிமிடத்தில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். பதிலும் கடிதத்தில்தான் வர வேண்டும், சொல்லிவிட்டேன்.

கடைசி வருடம் நாங்கள் ஒவ்வொருவரும் பத்து நிமிட நடனப் படம் ஒன்று எடுக்க வேண்டும். மேடை கிடையாது, கேமராவுக்காகவே ஆடும் நடனம். 'உன் உடம்புக்குள் உன்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?' இதுதான் எங்கள் மேடம் கொடுத்த கேள்வி. வேறு யார்? நீங்கள்தான். கால் பெருவிரலிலிருந்து முன்கோபம் வரை எல்லாம் உங்களுடையது. அதனால்தான் லீவில் வந்தபோது, காலையில் நீங்கள் யூனிஃபார்மில் டிப்போவுக்கு நடந்து போவதைப் படம் பிடித்தேன்.

அதை நேற்று எடிட்டிங் அறையில் போட்டுப் பார்த்தேன் அப்பா. வலது கை தாராளமாக வீசுகிறது. இடது கை வீசவே இல்லை. தொடையோடு ஒட்டிக்கொண்டு சும்மா கூட வருகிறது. பதினோரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அம்மா உங்கள் இடது பக்கம்தானே நடப்பாள்? அந்தக் கையைத்தானே பிடித்துக்கொள்வாள்? அவள் போய் ஏழு வருடம் ஆகியும் அந்தக் கை அவளை விடவில்லை என்று தோன்றியதும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கேமரா பிடித்த தோழி பயந்துபோய் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நான் நினைப்பது சரிதானா? மறைக்காமல் எழுதுங்கள். என் படமே இதில்தான் நிற்கிறது. கூட ஒரு போட்டோ வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டுத் திட்டாதீர்கள்.

உங்களையும் பஸ்ஸையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாலு


ஜூலை 15
வீடு

என் வாலுக்கு,

அப்பா எழுதுவது. நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால்தான் கவலையாக இருக்கிறது. டயருக்குக்கூட இத்தனை கிலோமீட்டர்தான் என்று ஒரு கணக்கு உண்டு. நீ பாட்டுக்குத் தரையில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தால் எங்கே போய் மாற்றுவது?

போட்டோவைப் பார்த்தேன். உன்னைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறானே, அந்த ஒட்டகச்சிவிங்கி யார்? அவ்வளவு உயரத்திலிருந்து கீழே போட்டால் யார் பொறுப்பு? கலை என்று சொல்வாய், நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூடிக்கொண்டேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை. ஒருவர் கண்ணாடி பீரோவை பஸ்ஸில் ஏற்றப் பார்த்தார். கண்டக்டர் கத்தினார்: "யோவ், இது பஸ்ஸா லாரியா?" அவர் அசரவில்லை. "பீரோவுக்கும் ஒரு டிக்கெட் கிழிங்க சார், அது ஜன்னலோரம் உக்காந்துக்கும்." பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கிளட்சை விடவே மனம் வரவில்லை.

கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆமாம், அம்மா பிடித்த கைதான். அப்படியே வைத்துக்கொள்.

எப்போதும்போல அந்த இடது நொட்டாங்கையால்தான் எழுதுகிறேன், மை இழுவிக்கொண்டு போயிருந்தால் கோபித்துக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா


ஆகஸ்ட் 4
கல்லூரி விடுதி

அன்பு அப்பாவுக்கு,

வலது முழங்கால் தேவலை. இடது முழங்காலுக்குப் பட்டை போட்டிருக்கிறேன். உங்களுக்கு இருமல் இருந்ததே, போய்விட்டதா?

"அம்மா பிடித்த கைதான்" என்ற உங்கள் வரியை மேடத்திடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் யாருக்காகவும் கண்ணாடி துடைக்கிறவர் இல்லை. "அந்தக் கைதான் உன் படம். மத்ததெல்லாம் வெட்டி எறி" என்றார்.

இப்போது ஆறு பேர் உங்களைப் போல நடக்கிறார்கள் அப்பா! ஒரு கை வீச வேண்டும், ஒரு கை வீசக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? செய்து பாருங்கள், உயிர் போகிறது. நான்கு அடி சரியாக நடப்பார்கள், ஐந்தாவது அடியில் திருட்டுத்தனமாக அந்தக் கை ஆடிவிடும். துப்பட்டாவால் கையை இடுப்போடு கட்டி ஒன்பது நாள் பழக்கினேன். "கைய அடக்காதீங்கடி, மறந்துடுங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. உங்கள் ஒட்டகச்சிவிங்கி மட்டும் மூன்றாவது நாளே பிடித்துவிட்டான். அம்மாவாக இடது பக்கம் நடப்பது அவன்தான். புடவை எல்லாம் கிடையாது, அதே கறுப்புப் பனியன்தான். ஆனால் அவன் என் கையைப் பிடிக்கும்போது நான் நீங்களாகிவிடுகிறேன். கண்ணாடியில் பார்த்தால் என் முகமே எனக்கு அந்நியமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது.

ஆமாம், அந்த பீரோ கதை நான் எட்டாவது படிக்கும்போதே நீங்கள் சொன்னதாயிற்றே! அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறந்துவிட்டீர்களா, இல்லை எல்லா பீரோவும் உங்கள் பஸ்ஸுக்குத்தான் வருகிறதா?

இருமலுக்கு மருந்து சாப்பிடுங்கள்.

வாலு


ஆகஸ்ட் 30
வீடு

வாலுக்கு,

இருமல் போய்விட்டது. பதில் தாமதம், வேலை அதிகம். எழுத்து பொடியாக இருக்கிறது என்று திட்டாதே, பேனா சரியில்லை.

பீரோக்கள் என்னைத் தேடித்தான் வரும்.

ஒன்று கேட்க வேண்டும். சட்டையில் குத்தியிருக்கும் டிப்போ வில்லையும் நம்பரும் படத்தில் தெரியுமா? தெரிந்தால் அதை மட்டும் மறைத்துவிட முடியுமா?

பட்டையை இறுக்கிக் கட்டாதே. ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

அப்பா


செப்டம்பர் 22
கல்லூரி விடுதி

அப்பா அப்பா அப்பா,

நான் நலமா என்று கேட்காதீர்கள், தரையில் கால் பாவவில்லை. கல்லூரியில் படத்தைப் போட்டார்கள். முதலில் நான் தனியாக ஆடுவது, பிறகு அந்த ஆறு பேர், கடைசியில் நீங்கள். நிஜ நீங்கள். இசை நின்றுவிடும், உங்கள் செருப்புச் சத்தம் மட்டும். நீங்கள் தெருமுனை திரும்புவதோடு படம் முடிகிறது. அப்புறம் கை தட்டினார்கள் பாருங்கள்!

ஐந்து ஊர்களில் திரையிட எடுத்திருக்கிறார்கள். கடைசி ஊர் எது தெரியுமா? நம் ஊர்! ஜனவரி 5, டிப்போவுக்கு எதிரே இருக்கிற மன்றத்தில். டிப்போவில் எல்லாரையும் கூப்பிடுகிறேன். முதல் வரிசை முழுக்க டிரைவர், கண்டக்டர். நடுவில் நீங்கள். வில்லையை எதற்கு மறைக்க வேண்டும்? இருபத்தாறு வருடம் குத்திய வில்லை, பளிச்சென்று தெரிகிறது, நன்றாகத்தான் இருக்கிறது.

சந்தோஷத்தில் வேறு எதுவும் எழுத வரவில்லை. உடம்பு ஜாக்கிரதை.

வாலு


செப்டம்பர் 27
வீடு

வாலுக்கு,

ரொம்ப சந்தோஷம். ஆனால் நம் ஊரில் மட்டும் அந்தப் படம் வேண்டாம். டிப்போவில் யாரிடமும் சொல்லாதே. காரணம் கேட்காதே. அப்பா உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


அக்டோபர் 10
கல்லூரி விடுதி

அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் நலமா? இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. நிஜமாகக் கேட்கிறேன்.

உங்கள் கடிதம் வந்ததும் கோபம்தான் வந்தது. தன் பெண் எவனோ ஒருத்தன் தோளில் ஏறி ஆடுவதை டிப்போக்காரர்கள் பார்த்தால் மானம் போய்விடும் என்று நினைக்கிறீர்கள், அவ்வளவுதான் என் அப்பா என்று மூன்று நாள் பொருமினேன். அதற்குள் இரண்டாவது ஊரில் திரையிடல் வந்தது. முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு அம்மா மட்டும் காத்திருந்தார். நரம்பு டாக்டராம்.

"கடைசியில நடந்து போறாரே, அவர் யாரும்மா?"

"எங்கப்பா."

"அவரை யாராவது டாக்டர் பாத்திருக்காங்களா?"

நான் சிரித்தேன் அப்பா. அந்தக் கை ஏன் வீசவில்லை என்று அவருக்கு விளக்கம் வேறு சொன்னேன். அம்மா, ஏழு வருடம், துக்கம். முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

"துக்கம்னா ரெண்டு கையும்தாம்மா ஓயும்" என்றார். "இது நடுக்குவாதமா இருக்கலாம். நேர்ல பாக்காம அடிச்சுச் சொல்ல மாட்டேன். கை நடுங்காமலேயே சிலருக்கு ஆரம்பிக்கும். ஒரு பக்கம் வீச்சு குறையும். எழுத்து சுருங்கிட்டே போகும். அவர் என்ன வேலை பாக்கறார்?"

பஸ் ஓட்டுகிறார் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

விடுதிக்கு வந்து உங்கள் மூன்று கடிதங்களையும் வரிசையாக வைத்தேன். ஜூலையில் பெரிய எழுத்து. செப்டம்பரில் எறும்பு. பேனாவின் மேல் பழி போட்டீர்களே! ஒன்பது நாள் கையைக் கட்டி ஆறு பேருக்கு உங்கள் நோயைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதற்குக் கை தட்டல் வேறு வாங்கியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஆனால் நீங்கள் அந்த இடது கையால்தானே கியர் போடுகிறீர்கள்? பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். டிப்போவில் தெரியக்கூடாது என்றுதானே படம் வேண்டாம் என்றீர்கள்? அப்பா, இன்றைக்கே வண்டியை விடுங்கள். விட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். போனை நீங்கள் எடுப்பதே இல்லை.

வாலு


நவம்பர் 8
வீடு

வாலுக்கு,

உயிரோடு இருக்கிறேன், பயப்படாதே.

டாக்டரம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். போன வருடம் அக்டோபரிலேயே இங்கே பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை சாப்பிடுகிறேன். உன்னிடம் சொல்லியிருந்தால் மறுநாளே பெட்டியோடு வாசலில் வந்து நின்றிருப்பாய். நின்றிருக்க மாட்டாயா?

உன் மேல் அருவருப்பு எதற்கு? உனக்குத் தெரியாது. தெரிந்த நான் "ஆமாம்" என்று எழுதினேன். நீ சொன்ன காரணம் டாக்டர் சொன்ன காரணத்தைவிட நன்றாக இருந்தது.

வண்டியைப் பற்றி எழுதியிருந்தாய். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இருபத்தாறு வருடம் பார்த்துக்கொண்டவனுக்குத் தெரியும். அதைப் பற்றி இனிமேல் கேட்காதே. நம் ஊரில் படம் வேண்டாம்.

குளிர ஆரம்பித்திருக்கும், முழங்காலை மூடிக்கொள்.

அப்பா


நவம்பர் 12

பெறுநர்: மேலாளர், பேருந்து டிப்போ

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் டிப்போவில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பணிபுரியும், எல்லோரும் 'நொட்டாங்கை' என்று அழைக்கும் ஓட்டுநரைப் பற்றி எழுதுகிறேன். அவருக்கு நடுக்குவாத நோய் இருப்பது ஓராண்டுக்கு முன்பே உறுதியாகியுள்ளது. இடது கை சரியாக இயங்குவதில்லை. இதை நிர்வாகத்திடம் மறைத்துப் பேருந்து ஓட்டி வருகிறார். நான் கேட்டும் நிறுத்த மறுக்கிறார். பயணிகளின் உயிரைக் கருதி அவரை உடனே ஓட்டும் பணியிலிருந்து விலக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சந்தேகம் இருந்தால் அவர் யூனிஃபார்மில் பணிக்கு வரும் படம் என்னிடம் உள்ளது. அவருடைய நடையைப் பார்த்தாலே தெரியும்.

இப்படிக்கு,
அவருடைய மகள்


நவம்பர் 21
பேருந்து டிப்போ

அன்புள்ள மகளுக்கு,

வணக்கம். மேலாளர் எழுதுகிறேன். அலுவலக முறைப்படி பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் அப்பா எனக்கு அண்ணன் மாதிரி. அதனால் உரிமையோடு எழுதுகிறேன்.

அவர் இப்போது எங்கள் ஓட்டுநர் இல்லையம்மா. போன வருடம் அக்டோபர் மூன்றாம் தேதி, மேட்டுச் சாலையில் ஏறும்போது கியரிலிருந்து கை எழவில்லை என்று வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயணிகளைப் பின்னால் வந்த வண்டியில் ஏற்றிவிட்டு, இரண்டு மைல் நடந்து வந்து என் மேஜையில் சாவியை வைத்தார். "நாளைக்கு இந்தக் கை எந்திரிக்கும். ஆனா இதை நம்பி ஐம்பது பேரை ஏத்த மாட்டேன் தம்பி" என்றார். அதற்குப் பிறகுதான் டாக்டரிடமே போனார். அலுவலகத்தில் வேறு வேலை தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. ஒரு சலவைக் கடையில் துணி வாங்கி டோக்கன் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். ஒரு செட் யூனிஃபார்மை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார், சரி என்றேன்.

ஜூன் மாதம் ஒரு காலையில் அதைப் போட்டுக்கொண்டு டிப்போ வாசல்வரை வந்தாராம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே வராமல் பக்கத்துச் சந்தில் திரும்பிப் போனாராம். வாசல் காவலாளி என்னிடம் சொன்னபோது பாவம், பழக்கதோஷம் என்று நினைத்தோம். படம் என்று நீ எழுதிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஓட்டுநர் மேல் புகார் வந்தால் அதன் நகலை அவருக்கே அனுப்புவது இங்கே விதி. நான் பார்ப்பதற்கு முன்பே தபால் பிரிவில் அதை அவர் விலாசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தடுக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்.

நன்றாகப் படி அம்மா.

மேலாளர்


நவம்பர் 24
கல்லூரி விடுதி

அப்பா,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கூசுகிறது.

மேலாளர் எழுதியிருந்தார். எல்லாம் தெரிந்துகொண்டேன். "வண்டியை விட்டுவிட்டேன்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? இல்லை, உங்கள் மேல் பழி போட வரவில்லை. நான்தான் பஸ் பிடித்து வந்து நேரில் கேட்டிருக்க வேண்டும். உங்கள் நடையைப் பதினோரு தடவை ஓட்டிப் பார்த்த எனக்கு, நீங்கள் யார் என்று தெரியவில்லை.

நம் ஊர்த் திரையிடலை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வருகிறேன். அடிப்பதானாலும் அடியுங்கள்.

வாலு


டிசம்பர் 20
வீடு

வாலுக்கு,

அப்பா எழுதுவது. மாத்திரை சாப்பிடுகிறேன், சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் சுமார். நீயும் நலமாக இரு.

நகல் வந்த அன்று கடையில் இருந்தேன். தபால்காரர் அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார். டிப்போ முத்திரையைப் பார்த்ததும், ஏதோ நினைத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள் என்று சந்தோஷமாகப் பிரித்தேன். 'அவருடைய மகள்' என்பது வரைக்கும் நின்றபடியே படித்தேன். முதலாளி நாற்காலி போட்டார்.

உன்னிடம் சொல்லாதது என் தப்புதான். நவம்பரில் சொல்லிவிடத்தான் உட்கார்ந்தேன். வேலையை விட்டேன் என்று எழுதினால் நீ படம் எடுத்த அந்தக் காலை நடையும் பொய்யாகிவிடுமே. "அப்பா, வேலைக்குப் போற மாதிரியே நடங்க" என்று அன்றைக்கு நீ சொன்னாய். உன் படிப்புக்காக நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். வேலை இல்லை என்று எந்த வாயால் சொல்வது? சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஷூவைப் போட்டால் கால் தடுக்குமென்று செருப்பையே மாட்டிக்கொண்டு நடந்தேன். கையை வீசு வீசு என்று உள்ளுக்குள் அதட்டிக்கொண்டே போனேன், அது கேட்கவில்லை. நீ அதைத்தான் அழகு என்றாய். அந்தக் கையை யாரும் நல்லபடியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதனால்தான் ஆமாம் என்றேன்.

ஊரில் படம் வேண்டாம் என்றதும் அதனால்தான். சாவியைத் திருப்பிக் கொடுத்தவன் மறுபடி யூனிஃபார்மில் நடக்கிறான் என்று சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இப்போது உன் கடிதத்தை டிப்போவில் எல்லோரும் படித்தாகிவிட்டது. இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. ஜனவரி 5-ஆம் தேதி படத்தைப் போடச் சொல். நல்ல படத்தை எனக்காக நிறுத்தாதே. நான் வர மாட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இந்த நோய் எனக்குப் பெரிதில்லை. வயதானால் ஏதோ ஒன்று வரும். ஆனால் கை விளங்காமல் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டுவேன் என்று நீ நம்பினாயே வாலு. ஊரில் வேறு யார் சொல்லியிருந்தாலும் நீ சண்டைக்குப் போயிருப்பாய். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நீ இந்த மாத ஆரம்பத்தில் வந்து கதவைத் தட்டியபோது நான் வீட்டில்தான் இருந்தேன். திறக்கவில்லை. நீ திரும்பிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொஞ்ச நாளைக்கு வராதே. கடிதம் எழுது, ஒரு வரி விடாமல் படிப்பேன். இதை எழுதவே எனக்கு நான்கு நாள் ஆயிற்று, டாக்டர் இன்னும் மோசமாகும் என்கிறார்.

பதில் வர நாளானால் கோபம் என்று நினைத்துக்கொள். கை என்று நினைக்காதே.

அப்பா